சேஸ் இல்லாத வண்டி

மூன்று வருஷத்துக்கு முந்தைய ஆவணி மாதம். பரமத்தி வேலூருக்கு மேலே, கதவணை போட்டுக் காவிரித் தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கும் இடத்தில், காலை ஒன்பது மணி வெயிலில் நடந்தது இது. அன்றைக்கு நான் மட்டும் செத்திருந்தால், செய்த வேலைக்குக் கிடைத்த கூலி என்று விட்டுவிடலாம். ஆனால் என்னோடு இன்னோர் உயிரும் போயிருக்கும். அதுவும் நானே என் கையால் பெல்ட் போட்டுக் கட்டி உட்கார வைத்த உயிர். 

நான் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் சீட் மேஸ்திரி. டிரைவர் சீட், கிளீனர் சீட், பின்னால் படுக்கும் பலகை எல்லாம் என் கை வேலைதான். இருபத்தேழு வருஷமாக இதே தொழில். வடநாடு வரைக்கும் ஓட்டிப் போய்த் திரும்பி வரும் டிரைவர்கள், "மேஸ்திரி, இடுப்பு வலின்னா என்னன்னே மறந்து போச்சுங்க" என்று சொல்லிச் சொல்லியே என் தலையில் நன்றாக ஏற்றி வைத்துவிட்டார்கள். உட்காருகிற சமாச்சாரம் எதுவானாலும் எனக்குத் தெரியாததில்லை என்ற எண்ணம் எனக்கு. வீட்டில் கல்யாணத்துக்கு நாற்காலி வாடகைக்கு எடுத்தால்கூட அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துக் குறை சொல்கிற ஆள் நான்.

எங்களுக்குப் பழக்கமான லாரி டிரைவர் ஒருவர் நாகப்பட்டினம் பக்கம் லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது, பழைய ஃபைபர் படகு ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்தார். கடலில் பல வருஷம் ஓடி ஓய்ந்த படகு. காவிரியில் மீன் பிடிக்கும் ஒரு புருஷன் பெண்டாட்டிக்காக வந்தது. அதுவரை அவர்கள் பரிசல்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் ஓர் ஓரமாக உட்கார்ந்து துடுப்புப் போட, அந்த அம்மா எதிரில் உட்கார்ந்து வலையை இழுப்பார். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் அந்தத் தொழில் நடக்கும்.

படகு வந்த மறு வருஷம் அந்த அம்மா ஆற்றங்கரைப் பாறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து உள்ளே இரும்புத் தகடு வைத்தார்கள். நடக்க ஆரம்பித்தும், சாய்மானம் இல்லாத தாழ்வான பலகையில் அரைமணி நேரம்கூட உட்கார முடியவில்லை. வீட்டுக்காரர் தனியாகவே ஆற்றுக்குப் போய்வந்தார். ஒரு கையில் துடுப்பு, ஒரு கையில் வலை. இரண்டு தடவை வலையோடு சேர்ந்து தண்ணீருக்குள் போகப் பார்த்தாராம். அதிலிருந்து அந்த அம்மாவுக்கு ஒரே பிடிவாதம். சாய்ந்து உட்காருகிற மாதிரி சீட் போடுங்கள், நானும் வருகிறேன், இந்த மனுஷனைத் தனியாக விட மாட்டேன் என்று. டிரைவர் என்னைக் கைகாட்டிவிட்டார்.

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரைண்டர், டிரில்லிங் மெஷின், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் குட்டி யானை வேனில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினேன். வாழைத் தோப்பு ஓரமாகப் படகைப் பழைய டயர்களின் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். உள்ளே மூன்று குறுக்குப் பலகைகள். பலகை என்று பேர்தானே தவிர, பெட்டி மாதிரி இருந்தன. இந்தப் பக்கச் சுவரிலிருந்து அந்தப் பக்கச் சுவர்வரை, இரண்டோடும் சேர்த்து ஒட்டி வார்த்திருந்தார்கள். நடுப் பெட்டி மேலே வெடித்துப் பொடிந்து போயிருந்தது. பார்த்த மாத்திரத்தில் முடிவு செய்துவிட்டேன். நடுவில் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் அறுத்து எடுத்துவிட்டு, லாரி கிளீனர் சீட் இரண்டை இரும்பு ஆங்கிளில் நிறுத்தி அடியில் போல்ட் போட்டுவிடலாம். ஒரே நாள் வேலை.

கிரைண்டரை எடுத்தபோது அந்த அம்மா குச்சியை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏனுங்ணா, அந்தப் பலகைய எடுக்காம, அதுக்கு மேலயே வெக்க முடியாதுங்களா? அவுங்க என்னத்துக்கோ சேத்தி ஒட்டியிருக்காங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சீட்டுன்னா உக்கார்றதுக்குத்தானுங்க அம்மணி. வேறெதுக்கு?" என்றேன்.

சொல்லிவிட்டுக் கிரைண்டரை ஓட்டினேன். அந்தச் சத்தத்தில் அந்த அம்மா மேலே பேசியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. அவருடைய வீட்டுக்காரருக்கும் மனசுக்குள் சந்தேகம் இருந்திருக்கிறது. நாமக்கல்லிலிருந்து வந்த மேஸ்திரிக்கு நாம் போய் என்ன சொல்வது என்று வாயை மூடிக்கொண்டாராம்.

பெட்டிகளை அறுத்துத் திறந்தால் உள்ளே முழுக்க வெள்ளை வெளேரென்று தெர்மாகோல் கட்டிகள். இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறதே, எடுத்தால் மீன் கூடை வைக்கலாம் என்று எல்லாவற்றையும் பிடுங்கிக் கரையில் எறிந்தேன். அந்த அம்மா ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஒரு பழைய வலைப் பையில் போட்டு வாயைக் கட்டினார். குப்பையை எதுக்குங்க சேர்க்கிறீர்கள் என்று கேட்டேன். "கெடக்கட்டுமுங்ணா" என்று மட்டும் சொல்லி, அதைப் படகின் மூக்குப் பக்கம் செருகி வைத்தார்.

சீட் போட்டாயிற்று. பழைய பலகையைவிட ஒரு முழம் உயரம். சாய்மானம், கைப்பிடி, ரெக்ஸின் உறை எல்லாம் பிரமாதம். அதோடு நான் சும்மா இருக்கவில்லை. காலில் தகடு வைத்த பொம்பளை ஆட்டத்தில் விழுந்துவிடக் கூடாது என்று, நடுச் சீட்டுக்கு லாரி சீட் பெல்ட் ஒன்றையும் மாட்டிவிட்டேன். படகுக்குச் சீட் பெல்ட் போட்ட ஒரே மேஸ்திரி நானாகத்தான் இருப்பேன் என்று அங்கேயே பெருமையடித்துக்கொண்டேன். போல்ட் ஓட்டைகளுக்கு ரப்பர் வாஷர் வைத்துப் பசை போட்டு, பசை காய ஒரு வாரம் விட்டு, அடுத்த ஞாயிறு வந்து டேங்கர் லாரியைச் சோதிக்கிற மாதிரி படகுக்குள் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. டயர் மேல் அசையாமல் நிற்கிற படகு எப்படி ஒழுகும்? அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

படகைத் தண்ணீரில் தள்ளியதும், சீட் எப்படி இருக்கிறது என்று பார்க்க நானும் ஏறிக்கொண்டேன். எனக்கு நீச்சல் தெரியாது. நாமக்கல்லில் பிறந்து வளர்ந்தவனுக்குக் கிணறு கூடத் தூரம். லைஃப் ஜாக்கெட் மூன்று பேரிடமும் இல்லை. அவர் பின் சீட்டில், அந்த அம்மா நடுச் சீட்டில், நான் முன்னால் மிச்சமிருந்த பழைய பலகையில் அவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். ஏறும்போதே அந்த அம்மாவுக்குப் பெல்ட்டை நான்தான் இழுத்து மாட்டினேன். வேண்டாமுங்க என்று கூச்சப்பட்டார். இருக்கட்டும் அம்மணி, பாதுகாப்புக்குத்தான் என்று நான்தான் வற்புறுத்தினேன்.

கரையோரமாகப் போகும்வரை நன்றாகத்தான் இருந்தது. அந்த அம்மா பல மாசத்துக்குப் பிறகு தண்ணீரைப் பார்க்கிறார். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. கையை நீட்டித் தண்ணீரைத் தொடப் பார்த்தார், சீட் உயரத்தில் கை எட்டவில்லை. அதற்கும் சிரித்தார்.

நடு ஆற்றுக்கு வந்ததும் காற்று பிடித்தது. கதவணைத் தண்ணீர் பார்க்கக் குளம் மாதிரி தெரியும், ஆனால் மேல்காற்று அடித்தால் அலை எழும்பும். படகு இரண்டு பக்கமும் ஆட ஆரம்பித்தது. சாதாரண ஆட்டம் இல்லை, தலை கனத்துப் போய்ச் சாய்கிற ஆட்டம். ஆட்கள் இரண்டு பேரும் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், அடியில் கனம் இல்லை. ஓவர்லோடு ஏற்றிய வைக்கோல் லாரி வளைவில் சாய்வதை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். அதே சாய்மானம்தான். அது புரிந்ததும் பலகையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் படகின் பக்கச் சுவரைக் கவனித்தேன். நான் பெட்டியை அறுத்தெடுத்த இடத்தில், ஒவ்வோர் அலைக்கும் சுவர் வெளியே உப்பி உள்ளே வந்துகொண்டிருந்தது. மூச்சு விடுகிற மாதிரி. மூன்றாவது அலையோ நான்காவது அலையோ, 'டக்'கென்று ஒரு சத்தம். என் கிரைண்டர் பிளேடு கீறிய கோட்டிலிருந்து ஒரு விரிசல் நேராகக் கீழே ஓடியது. அதன் வழியே தண்ணீர் கத்தி மாதிரி உள்ளே சீறியது. கீழே பார்த்தால் சீட்டின் போல்ட்டுகளும் ஆட்டம் கொடுத்து, ஒவ்வொன்றைச் சுற்றியும் தண்ணீர் கொப்பளித்தது.

நான் பதறி எழுந்து நின்றுவிட்டேன். அதுதான் இருக்கிற தப்பிலேயே பெரிய தப்பு. படகு சடாரென்று சாய்ந்து, விளிம்பு வழியாக ஒரு பாய்ச்சல் தண்ணீர் உள்ளே விழுந்தது.

"எந்திரிக்காதீங்க! கீழ உக்கோருங்க! அடியில உக்கோருங்க!" என்று வீட்டுக்காரர் கத்திய கத்தலில் என் கால் தானாக மடங்கியது. அவரும் சீட்டை விட்டு வழுக்கி அடித்தட்டில் உட்கார்ந்துவிட்டார். ஆட்டம் கொஞ்சம் அடங்கியது. ஆனால் அந்த அம்மா மட்டும் இன்னும் மேலேயே இருந்தார்.

பெல்ட் கழலவில்லை.

படகு சாய்ந்தபோது அவருடைய உடம்பின் பாரம் முழுக்க பெல்ட்டில் விழுந்து, பூட்டு இறுகிவிட்டது. பழைய லாரியிலிருந்து கழற்றிய பூட்டு வேறு. அவர் இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டே இருந்தார். நான் தவழ்ந்து போய் அமுக்கினேன். என் கட்டை விரல் நகம் பெயர்ந்தது, பூட்டு அசையவில்லை. தண்ணீர் என் முட்டி வரைக்கும் வந்துவிட்டது. படகு கவிழ்ந்தால் நாங்கள் இரண்டு பேராவது எதையாவது பிடித்து மிதக்கலாம். அந்த அம்மா இரும்புச் சீட்டோடு சேர்ந்து அடிக்குப் போவார். அப்போது அந்த அம்மாவின் கண்ணை என்னால் பார்க்க முடியவில்லை. வாய்விட்டு அழுதுவிட்டேன் என்று சொல்ல எனக்கு இப்போது வெட்கமில்லை.

வீட்டுக்காரர் பின்னாலிருந்து வலை அறுக்கும் கத்தியை எறிந்தார். லாரி பெல்ட் லேசில் அறுபடாது, அப்படித்தான் அதை நெய்திருப்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ராவினேன். பாதி அறுந்ததும் அந்த அம்மாவே உடம்பை முறுக்கி ஒரு உதறு உதறினார். பெல்ட் தெறித்தது. அந்தக் காலோடு அவர் அடித்தட்டில் விழுந்தார், வலியில் ஒரு முனகல்கூட இல்லை. விழுந்த வேகத்தில் முன்னால் கையை விட்டு அந்தத் தெர்மாகோல் பையை இழுத்தார். எனக்கு நீச்சல் தெரியாது என்று ஏறும்போது நான் விளையாட்டாகச் சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. பையை என் மடியில் தள்ளினார்.

"இதைக் கட்டிப் புடிச்சுக்கோங்ணா. என்ன ஆனாலும் உட்றாதீங்க."

நான் குப்பை என்று சொன்ன பை. காலில் தகடு வைத்த பொம்பளை, தனக்கு வேண்டும் என்று நினைக்காமல் எனக்குக் கொடுத்த பை. அதற்கு மேலும் நான் பயந்துகொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் மனுஷனே இல்லை.

பையின் கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு விரிசலைப் பார்த்தேன். சுவர் வெளியே உப்பும்போதெல்லாம் அது வாயைத் திறந்தது. உப்பாமல் இழுத்துக் கட்டினால் வாய் மூடும். இழுத்துக் கட்டுவது மட்டும் எனக்குத் தெரிந்த வேலை. வலைக் கயிற்றை எடுத்து, இரண்டு பக்க விளிம்பிலும் இருந்த கொக்கிகளில் குறுக்கே இரண்டு மடியாகப் போட்டு, நடுவில் ஒரு மூங்கில் துண்டைச் செருகி முறுக்கினேன். லாரியில் லோடு தளர்ந்தால் கயிற்றை அப்படித்தான் இறுக்குவோம். முறுக்க முறுக்கச் சுவர்கள் உள்ளே வந்தன. அந்த அம்மா தன் தலைத்துண்டை விரிசலில் வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தார். சீறிக்கொண்டிருந்த தண்ணீர் கசிவாகக் குறைந்தது. நான் ஒரு கையால் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சோற்றுத் தூக்குப் போசியில் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினேன். வீட்டுக்காரர் முழங்காலிட்டுத் துடுப்புப் போட்டார்.  கரை கிட்டத்தில் வருகிற மாதிரியே இல்லை.

கோரைப் புல் படகின் அடியில் உரசிய சத்தம் கேட்டபோது, மூங்கிலிலிருந்து என் விரல்களைப் பிரிக்க முடியவில்லை. வீட்டுக்காரர்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டார். அந்த அம்மாவை இரண்டு பேரும் தாங்கிக் கரையேற்றினோம். மூன்று பேரும் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

என்னைத் திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். திட்டினால் கொஞ்சம் பாரம் குறையும் போல இருந்தது. வீட்டுக்காரர் படகையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அந்த அம்மாதான் கேட்டார்.

"லாரிக்கு அடியில நீளமா இரும்பு ஓடுமேங்ணா, அதுக்குப் பேரென்னுங்க?"

"சேஸுங்க அம்மணி."

"அதையத்தானுங்க நீங்க அறுத்துப்போட்டீங்க."

குரலில் கோபம் துளிகூட இல்லை. அதனால்தான் அது அத்தனை ஆழமாக இறங்கியது. லாரியில் சேஸ் மேலேதான் எல்லாம் உட்கார்ந்திருக்கும். சீட்டைக் கழற்றினால் சீட் மட்டும்தான் போகும், வண்டிக்கு ஒன்றும் ஆகாது. அதே கணக்கை நான் படகிலும் போட்டேன். படகுக்குத் தனியாகச் சேஸ் கிடையாது. இரண்டு பக்கச் சுவரையும் பிடித்துக்கொண்டிருந்தது அந்தக் குறுக்குப் பலகைகள்தான். உள்ளே இருந்த தெர்மாகோல், படகில் தண்ணீர் நிறைந்தாலும் மூழ்க விடாமல் தாங்குவதற்கு வைத்தது. ஆள் உட்கார்ந்துகொள்வது அதற்கெல்லாம் மேலே ஓர் உபயோகம், அவ்வளவுதான்.

 மறுநாளே அந்த லாரி டிரைவரைப் பிடித்து, கடற்கரைப் பக்கம் படகு வார்க்கும் ஆசாரி ஒருவரை வரவழைத்தேன். அவர் வந்து நான் செய்து வைத்ததைப் பார்த்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். பெல்ட்டைக் கையில் தூக்கிக் காட்டி, "இது எந்தப் புண்ணியவான் மாட்டுனது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். ஐயா, தண்ணியில போற வண்டியில ஆளைக் கட்டக் கூடாது, கழட்டி விடணும் என்று மட்டும் சொன்னார்.

அவர் வேலை செய்த நான்கு நாளும் நான் கையாளாக நின்றேன். மேஸ்திரி என்று அங்கே யாரும் கூப்பிடவில்லை, கூப்பிட்டிருந்தால் கூசியிருப்பேன். விரிசலையும் நான் போட்ட போல்ட் ஓட்டைகளையும் தேய்த்துவிட்டு, ஃபைபர் துணியைப் பல மடிப்பு ஒட்டி அடைத்தார். நடுவிலும் பின்னாலும் புதிதாகப் பெட்டிப் பலகைகளை வார்த்து இரண்டு சுவரோடும் சேர்த்தார். அந்த அம்மா சேர்த்து வைத்த தெர்மாகோலில் நல்லதாக இருந்ததெல்லாம் திரும்ப உள்ளே போனது. சாய்மானத்தைப் பலகையின் மேல் முகத்தில்தான் பொருத்த வேண்டும், படகின் அடியைத் தொடவே கூடாது என்றார். அதற்காகப் பலகை வார்க்கும்போதே மேல் முகத்துக்குள் கெட்டிக் கட்டை ஒன்றை வைத்து மூடினார். போல்ட்டெல்லாம் அந்தக் கட்டையோடு நின்றுவிடும். இரும்பு ஆங்கிளுக்குப் பதில் லேசான அலுமினியக் குழாய். உயரம் பழைய உயரமேதான், ஒரு விரல்கூடக் கூடுதல் இல்லை. எனக்கு விட்டுக்கொடுத்த வேலை குஷன் தைப்பது மட்டும். பஞ்சு தண்ணீர் குடித்துக் கனக்கும் என்று அதற்கும் தண்ணீர் ஏறாத ஃபோமை அவரேதான் சொன்னார்.

முடித்ததும் முழங்கால் ஆழத்தில் நிறுத்தி, மூன்று ஆள் கனத்துக்கு மணல் மூட்டைகளை ஏற்றி, நான்கு பேர் பிடித்து வேண்டுமென்றே ஆட்டிப் பார்த்தோம். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரிலேயே விட்டுப் பார்த்தோம். அதற்குப் பிறகுதான் அந்த அம்மா ஏறினார், லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு. கையை நீட்டினார். இந்தத் தடவை கை தண்ணீரைத் தொட்டது. கரையில் நின்றுகொண்டிருந்த என்னைத் திரும்பிப் பார்த்து, "வாரீங்களாண்ணா?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்டாரா, நிஜமாகக் கேட்டாரா, தெரியாது. நானும் ஒரு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஏறினேன். ஏறி, கேட்காமலேயே அடித்தட்டில் உட்கார்ந்துகொண்டேன். அவர்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு அக்கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

இப்போதும் அதே பட்டறை, அதே தொழில்தான். ஆனால் எந்த வண்டி வந்தாலும், எதையாவது கழற்றுவதற்கு முன்னால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, கொண்டுவந்தவரிடம் ஒரு கேள்வி கேட்கிறேன். இது உட்காருவதற்குத்தான், சரி, வேறெதுக்கு? அன்றைக்கு ஒரு பொம்பளையின் வாயை அடைப்பதற்காக நான் சிரித்துக்கொண்டே சொன்ன அதே வார்த்தை. அதைக் கேள்வியாகக் கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்க எனக்கு இருபத்து நான்கு வருஷமும், நடு ஆற்றில் ஒரு காலை நேரமும், தன் உயிரைப் பார்க்காமல் அந்த அம்மா என் மடியில் தள்ளிய ஒரு பை தெர்மாகோலும் தேவைப்பட்டன.